பசியோடு எந்த வாத்தும் திரும்பாது

பெரில் கிளூலோவின் புகுந்த வீட்டில் நீதிமன்றப் படி ஏறாத ஆள் கிடையாது. மாமனாரின் அப்பா ஒரு பிரபுவின் காட்டில் திருட்டு வேட்டையாடி மாட்டினவர். மாமனார் சர்ச் கூரையின் ஈயத்தகட்டை உரித்துக்கொண்டுபோய் அதே சர்ச்சின் பாதிரியாருக்கே விற்கப் பார்த்தார். மாமியார், டி.வி. பார்க்கக் கட்டாயம் எடுக்க வேண்டிய லைசென்ஸை எடுக்காமலே காலம் தள்ளியவர். ஏன் எடுக்கவில்லை என்று நீதிபதி கேட்டதற்கு, ஏதாவது நல்ல நிகழ்ச்சி போட்ட பிறகு எடுக்கலாம் என்று காத்திருந்ததாகச் சொன்னார்.

பெரிலின் கணவன் ராய் பஸ் ஓட்டுநர். ஒருநாள் சாயங்காலம் நல்ல மழை. டிப்போவிலிருந்து வீட்டுக்கு நனைந்துகொண்டு நடக்க மனமில்லாமல், பஸ்ஸையே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திவிட்டான். உள்ளே இன்னும் மூன்று பயணிகள் உட்கார்ந்திருந்தார்கள். பெரில் அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். பின்னாளில் ராய், ஒரு பல் டாக்டரின் உதவியாளப் பெண்ணோடு கடற்கரை ஊர் ஒன்றுக்குக் குடிபோய்விட்டான். அது சட்டப்படி குற்றமில்லை என்பதால் குடும்பத்தில் அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

இத்தனை பேருக்கு நடுவில் பெரில் ஒருத்திதான் சுத்தம். வண்டியே வராத தெருவில்கூடப் பச்சை விளக்குக்காக நிற்பாள். நூலகப் புத்தகத்தைத் தவணைக்கு முன்பே கொண்டுபோய்க் கொடுப்பாள். கிறிஸ்துமஸ் விருந்துக்குப் புது ஆள் யாராவது வந்தால், கொழுந்தன் நெவில், முதிர்கன்னியை அறிமுகப்படுத்துகிற குரலில் சொல்வான்: "இது எங்க அண்ணி. இவங்களுக்கு இன்னும் அமையல." எல்லோரும் சிரிப்பார்கள். பெரில் உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டே கழுத்தை ஒரு வெட்டு வெட்டுவாள். உள்ளுக்குள் அவளுக்கு அது மாலை போட்டது போல இருக்கும்.

அவளுக்கு ஹாலின்ஸ் எண்ட் என்ற ஊரில், கால்வாய்க் கரையோரம், ஓர் ஓட்கேக் கடை இருந்தது. ஓட்ஸ் மாவைக் கரைத்துப் பெரிய கல்லில் வார்த்து, வெந்ததும் சீஸையும் பேக்கன் என்கிற உப்பிட்ட பன்றி இறைச்சியையும் வைத்து மடித்துத் தருவாள். நம்மூர் தோசைக்குத் தூரத்து உறவு. பள்ளிக்கூடச் சமையலறையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஆரம்பித்த கடை. உட்கார இடம் கிடையாது. சன்னலோரம் ஒரு பெஞ்சு, அதுவும் முதியவர்களுக்கு. சன்னலுக்கு மேலே ஒரு பலகையில், பச்சை வண்ணத்தில் பெரிய எழுத்தில் ஒரு வரி: பசியோடு எந்த வாத்தும் திரும்பாது.

எழுதியவன் நெவில். ஊர்ப் பூங்காவின் பெஞ்சுகளும் அதே பச்சைதான். அந்த ஒற்றுமையைப் பற்றி பெரில் விசாரித்ததில்லை.

அந்தப் பக்கத்து ஊர்களில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். வாத்து என்பார்கள். நம் பக்கத்தில் கண்ணு, ராசா என்பது போல. டாக்டரும் வாத்து, தபால்காரரும் வாத்து, பன்னிரண்டு சக்கர லாரி ஓட்டுகிற, கழுத்தெல்லாம் பச்சை குத்திய ஆளும் வாத்து. அந்த ஊர் நீதிபதியே ஒருமுறை நெவிலுக்கு ஆறு வாரம் சிறைத் தண்டனை கொடுத்துவிட்டு, "உடம்பைப் பார்த்துக்கோ வாத்து" என்று அனுப்பியதாகச் சொல்வார்கள். பெரில் ஒரு நாளில் அந்தச் சொல்லை எத்தனை முறை சொல்வாள் என்று கேட்டால், எத்தனை முறை மூச்சு விடுவாள் என்று கேட்பது போலத்தான்.

வினை ஒரு சனிக்கிழமை காலை லண்டனிலிருந்து ரயிலேறி வந்தது. ஃபேர்லி என்று ஓர் இளைஞன். நல்ல கோட்டு, கையில் பலகைக் கணினி. நாட்டின் நீர்நிலைகளில் ரொட்டி ஊறி அழுகுகிறது, பறவைகளுக்கு நோய் பரவுகிறது என்று ஓர் அமைச்சகத்துக்குக் கவலை வந்திருந்தது. தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கும் உணவுக் கடைகளில் போய் விசாரித்து வரும் வேலையை ஃபேர்லியின் நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தார்கள். அவன் சன்னலுக்கு மேலே இருந்த வரியைப் படித்தான். முகம் மலர்ந்தது. தேடி வந்தது கிடைத்துவிட்டது.

கல்லில் ஐந்து ஓட்கேக் ஒரே நேரத்தில் வெந்துகொண்டிருந்தது. வரிசை தெருமுனைவரை நின்றது. இங்கே வாத்துகளுக்குச் சாப்பாடு போடுவது உண்டா என்று ஃபேர்லி கேட்டான். அதற்குத்தானே கடை வைத்திருக்கிறேன் என்றாள் பெரில், திரும்பிப் பார்க்காமல். ஒரு நாளைக்கு எத்தனை இருக்கும் என்றான். சாதாரண நாளில் கணக்கில்லை, சனிக்கிழமை முந்நூறு தேறும் என்றாள். என்ன போடுவீர்கள் என்றான். சீஸ், பேக்கன், கேட்டால் முட்டை. பேக்கனா என்று அவன் குரல் இறங்கிப்போய்க் கேட்டதை, பேக்கன் பிடிக்காத பிள்ளை போலிருக்கிறது என்று அவள் எடுத்துக்கொண்டாள். இன்னும் என்னென்னவோ கேட்டான், அவளும் கல்லைவிட்டுக் கண்ணெடுக்காமலே சொல்லிக்கொண்டு போனாள்.

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். கேள்வியிலோ பதிலிலோ அவர்களுக்கு வித்தியாசமாக எதுவும் படவில்லை. ஃபேர்லி கிளம்பும்போது பெரில் அவனுக்கும் ஒன்றை மடித்துக் கொடுத்து, "சூடா இருக்கு, பாத்து வாத்து" என்றாள். அவன் சட்டென்று காலடியில் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. கால்வாயில் இரண்டு வாத்துகள் மிதந்தன. அவை சற்று மெலிந்திருப்பதாக அவனுக்குத் தோன்றியது, அதையும் குறித்துக்கொண்டான்.

இதன் பிறகு லண்டனில் நடந்தது பெரிலுக்குத் தெரிய வழியில்லை. நாடாளுமன்றம் ஒரு பெரிய சட்டத்தைப் போடும்போது, மற்ற விவரங்களை அமைச்சர் விதி போட்டுப் பார்த்துக்கொள்வார் என்று ஒரு வரியை உள்ளே வைத்துவிடுவது வழக்கம். மளிகைச் சீட்டின் கடைசியில் 'வேறு எது வேண்டுமோ அதுவும்' என்று எழுதிப் புருஷனை அனுப்புகிற கதை. அவர் என்னத்தையெல்லாம் வாங்கி வருவார் என்பது பை வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். அப்படி ஒரு விதியில் அமைச்சர் வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை அது அமலுக்கு வந்தது. உணவுக் கடைக்காரரோ வேறு எவரோ வாத்துகளுக்கு உணவளிப்பதும், எழுத்தாலோ வாய்ச்சொல்லாலோ அவற்றை உணவுக்கு அழைப்பதும் இனி குற்றம். அந்த வாரம் நாடாளுமன்றம் விடுமுறையில் இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாக்சீன் வந்தாள். உணவுக் கடைகளைச் சோதனை போடுகிற அதிகாரி, அதே ஊர்க்காரி, வாரம் இரண்டு தடவை பெரிலிடம் சாப்பிடுகிறவள். அன்றைக்கும் வழக்கம்போல ஒன்று வாங்கித் தின்று முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

"கோவிச்சுக்காத வாத்து. உன்மேல கேஸ்."

பெரில் வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள். "எந்த வாத்து, வாத்து?" என்று கேட்டாள்.

"எனக்கும் புரியுது. நான் என்ன லண்டன்லயா பொறந்தேன்? ஆனா வாத்துக்குச் சாப்பாடு போடற கடைன்னு மேலேர்ந்து வந்த லிஸ்ட்ல நீதான் முதல் ஆளு. முந்நூறுன்னு உன் வாயாலயே சொல்லியிருக்க. போர்டு வேற தொங்குது. விதில போர்டுன்னா போர்டுதான். அதுக்கு என்ன அர்த்தம்னு கேக்கற அதிகாரம் எனக்குக் கெடையாது."

அபராதத்தைக் கட்டிவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். கட்டாவிட்டால் மாதக் கடைசியில் நீதிமன்றம். அங்கே போய்ச் சொன்னால் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்று மாக்சீன் தைரியம் சொன்னாள். பெரிலுக்கு அது தைரியமாகப் படவில்லை. கூண்டில் ஏறி நிற்பதுதான் அவளுக்குக் குற்றம். விட்டுவிடுவார்களா என்பது அப்புறம். கிளூலோக்களில் பலரையும் ஒரு தடவையாவது சிரித்துவிட்டு விட்டிருக்கிறார்கள்.

செய்தி குடும்பத்தில் பரவ ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சாயங்காலமே எல்லோரும் திரண்டு வந்தார்கள், கேக் வாங்கிக்கொண்டு. கேக்குக்குள் ஓர் அரம் இருந்தது, கம்பியை அறுத்துக்கொண்டு தப்பிக்க. நெவில் அவள் தோளில் கைபோட்டு, "முதல் தடவை கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கும் அண்ணி. அப்புறம் பழகிடும்" என்றான். பெரில் சிரிக்கவில்லை. அரத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள். கல்லைச் சுரண்ட உதவும்.

மறுநாள் முதல் வேலையாக, பலகையில் 'வாத்தும்' என்ற சொல்மேல் ஒரு காகிதத்தை ஒட்டினாள். மத்தியானத்துக்குள் எவனோ அந்தக் காகிதத்தில் 'அன்னமும்' என்று எழுதிவைத்தான். மாக்சீன் மூச்சிரைக்க ஓடி வந்தாள். அன்னங்கள் மன்னருக்குச் சொந்தமானவை, வாத்து வழக்கு முடிவதற்குள் இன்னொன்றை இழுத்துக்கொள்ளாதே என்று அவளே ஏணி போட்டு ஏறிக் கிழித்தாள்.

பலகையைவிட வாய்தான் பெரிய தொல்லையாக இருந்தது. வாய்ச்சொல்லால் அழைப்பதும் குற்றம் என்றல்லவா இருக்கிறது. பெரில் அந்தச் சொல்லை விழுங்கப் பழகினாள். 'வா' என்று ஆரம்பித்து உதட்டைக் கடித்துக்கொள்வாள். 'இந்தா' என்று நீட்டி நிறுத்துவாள். பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்றால், இத்தனை வருஷம் சாப்பாடு போட்டவர்களில் பாதிப் பேரின் பெயர் அவளுக்குத் தெரியாது. ஜனங்கள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு முகம் சுருங்கிப் போனார்கள். சன்னலோரப் பெஞ்சில் தினமும் உட்காருகிற ஓய்வுபெற்ற மாலுமி ஒருவர், சாப்பிட்டு முடித்த பிறகும் போகாமல் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணேன், பெரில்?" என்று கேட்டார்.

பெரில் அடுப்பை அணைத்தாள். அன்று கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டாள்.

வழி சொன்னவன் நெவில்தான். அவனுக்குச் சட்டத்தோடு நெடுநாள் பழக்கம், எப்போதும் தப்பான பக்கத்திலிருந்து. பழைய இரும்பு விற்பதற்கு ஒருமுறை புதிதாக விதி வந்தபோது, ஆத்திரத்தில் அவன் கண்டபடி நான்கு பக்கம் எழுதி நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தான். பிரபுக்கள் சபையில் இந்த மாதிரி விதிகளை வாசிப்பதற்கென்றே ஒரு குழு இருக்கிறது என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. அவர்கள் பதில் போட்டிருந்தார்கள்.

"ரெண்டு பக்கம் அண்ணி. 'அன்புள்ள திரு. கிளூலோ அவர்களுக்கு'ன்னு ஆரம்பிச்சிருந்தாங்க. நம்ம குடும்பத்துக்கு அரசாங்கத்துலேர்ந்து வந்ததுலயே 'குற்றம் சாட்டப்பட்டவர்'னு இல்லாத ஒரே கடுதாசி."

"அவங்களால விதியை மாத்த முடியுமா?"

"ஒரு எழுத்தைக்கூட மாத்த முடியாது."

"அப்புறம் எதுக்கு?"

"'இதைக் கொஞ்சம் பாருங்க'ன்னு சபைகிட்ட சொல்லுவாங்க. அதுக்கே மந்திரிங்க பதறி ஓடி வருவாங்க."

பெரில் எழுதினாள். தன் ஆயுளில் வாத்து எதற்கும் தீனி போட்டதில்லை என்றும், சொல்லப்போனால் அந்தப் பறவையைக் கண்டாலே தனக்கு ஆகாது என்றும், சின்ன வயதில் ஒன்று தன்னைக் காலில் கொத்தியிருக்கிறது என்றும், இருந்தும் தன்மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள் என்றும் எழுதினாள். வழக்கு ஏன் வந்தது என்பதை மட்டும் விட்டுவிட்டாள். அந்தச் சொல்லை எழுத்தில் போடுவதும் குற்றமோ என்று பயம்.

நான்காம் நாள் கடைத் தொலைபேசி அடித்தது. குழுவில் வேலை பார்க்கும் ஹெஸ்டர் வின்ஷிப் என்ற பெண். மென்மையான குரல். கடிதம் கிடைத்தது, ஆனால் ஓர் இடம் புரியவில்லை என்றாள். அமைச்சகத்தின் ஆய்வு முந்நூறு வாத்துகள் என்கிறதே.

பெரிலுக்கு அன்றைக்குக் காலையிலிருந்து சொல்லை விழுங்கி விழுங்கி வயிறு நிறைந்திருந்தது. இது தொலைபேசி, பேசுகிறவள் சாப்பிட வந்தவளும் இல்லை என்ற நினைப்பில் வாய் தளர்ந்தது.

"இல்ல வாத்து."

"வாத்து இல்லைங்கறீங்களா?"

"இல்ல வாத்து."

"அதான், வாத்து இல்லைன்னு குறிச்சுக்கலாமா?"

"குறிச்சுக்கோ வாத்து."

மறுமுனையில் பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஹெஸ்டரின் குரல் ஒரு மாதிரி இறுகி, எதையோ அடக்கிக்கொண்டு வந்தது. "மிசஸ் கிளூலோ, வர செவ்வாய்க்கிழமை லண்டன் வர முடியுமா? அமைச்சரும் வரார். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். இப்ப எங்கிட்ட எப்படிப் பேசினீங்களோ, அப்படியே பேசுங்க."

துணைக்கு நெவில் வந்தான். யாரும் பிடித்துத் தள்ளாமல் தானாக நடந்து நுழையப்போகிற முதல் அரசாங்கக் கட்டடம் நாடாளுமன்றம்தான் என்று வழியெல்லாம் பெருமைப்பட்டான். பெரில் பழுப்பு நிறக் கோட்டு போட்டுக்கொண்டு, பையில் ஒரு டஜன் ஓட்கேக்கைத் துணியில் சுற்றி எடுத்துவந்திருந்தாள். வெறுங்கையோடு யார் வீட்டுக்கும் போய்ப் பழக்கமில்லை. வாசலில் அவற்றை எக்ஸ்-ரேயில் விட்டுப் பார்த்த காவலர், வட்ட வட்டமாக அடுக்கியிருக்கும் இது என்ன என்று கேட்டார். நெவில் பதில் சொல்ல வாயைத் திறந்தான். பெரில் அவன் காலை மிதித்தாள்.

குழு அறையில் குதிரை லாட வடிவத்தில் மேசை. நடுவில் தலைவர் லார்ட் கோம்பர்டன். ஒட்டகத்தைப் போல நீண்ட, நிதானமான முகம். அவருக்குப் பக்கத்தில் லீட்ஸ் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிரபு அம்மாள், கூர்மையான கண்ணாடியும் அதைவிடக் கூர்மையான பார்வையுமாக. எதிரே இளநிலை அமைச்சர் கிரெஸ்வெல், இரண்டு பக்கமும் அதிகாரிகளோடு. பின்வரிசை நாற்காலியில் பெரிலும் நெவிலும்.

அமைச்சருக்கு முதலில் எல்லாம் சுமுகமாகத்தான் போனது. பிறகு பிரபு அம்மாள் விதியின் முதல் பக்கத்தைத் திருப்பினார். குளம் என்றால் என்ன என்று விளக்கியிருக்கிறீர்கள், ரொட்டி என்றால் என்ன என்று விளக்கியிருக்கிறீர்கள், தள்ளுவண்டிக்குக்கூட அரைப் பக்கம் இருக்கிறது. வாத்து என்றால் என்ன என்று எங்கேயும் இல்லையே என்றார். வாத்து என்றால் எல்லோருக்கும் தெரியும் என்றார் அமைச்சர்.

தலைவர் வேறொரு தாளை எடுத்தார். விதியோடு அமைச்சகம் வைத்த விளக்கக் குறிப்பில், இதனால் யாருக்கும் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை என்று எழுதியிருந்தது.

"புதுசா ஒரு குற்றத்தை உண்டாக்கியிருக்கீங்க. அதுவும் சபை விடுமுறையில இருக்கறப்ப, ஒரே நாள் அவகாசத்துல. பாதிப்பு இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?"

"ரொம்பச் சின்னக் குற்றம்தானே, தலைவரே."

"யாருக்குச் சின்னது?"

அமைச்சர் தண்ணீர் குடித்தார். பெரிலுக்கு அந்த ஒட்டக முகத்துக்காரரின் மேல் திடீரென்று ஒரு பாசம் வந்தது. அவர் ஒல்லியாக இருப்பதையும் அப்போதுதான் கவனித்தாள்.

ஜனங்களிடம் நயமாகச் சொல்லிப் பார்த்திருக்கலாமே, குற்றமாக்கும் அளவுக்கு என்ன ஆதாரம் இருந்தது என்று தலைவர் கேட்டார். இதற்காகவே காத்திருந்தவர் போல அமைச்சர் ஒரு தாளை எடுத்து வாசித்தார். வடக்கு ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஒரே ஒரு கடையில், சனிக்கிழமைகளில், ஏறக்குறைய முந்நூறு வாத்துகளுக்கு உணவளிக்கப்படுகிறது. கடை திறக்கும் முன்பே அவை வாசலில் வரிசையில் நிற்கின்றன. பாதிக்கு மேற்பட்டவை வேன்களில் வருகின்றன. அவற்றுக்குப் பாலாடைக்கட்டியும் உப்பிட்ட பன்றி இறைச்சியும் கொடுக்கப்படுகின்றன. வயதானவற்றுக்குத் தனி இருக்கை உண்டு. பல, தம் துணைக்கும் வாங்கிக்கொண்டு போகின்றன.

பிரபு அம்மாள் தலையைத் தூக்கி அமைச்சரைப் பார்த்தார்.

"வரிசைலயா நிக்குது?" என்றார் தலைவர்.

"பழக்கப்படுத்தியிருப்பாங்கன்னு நினைக்கறோம்."

"வேனை யார் ஓட்டறாங்க?"

அமைச்சர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி இன்னொரு அதிகாரியைப் பார்த்தார். அது இன்னும் விசாரணையில் இருக்கிறது என்று பதில் வந்தது.

மூலையில் உட்கார்ந்திருந்த ஹெஸ்டர் வின்ஷிப், குனிந்து காகிதங்களுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தலைவர் பெரிலை முன்னால் வரச் சொன்னார். பெரில் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள். நாற்காலி கூண்டு மாதிரி இல்லை, கைப்பிடியில் மெத்தை வைத்திருக்கிறது என்பதைத் தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டு உட்கார்ந்தாள்.

"மிசஸ் கிளூலோ, அந்த முந்நூறுக்கும் சாப்பாடு போடறது நீங்கதானா?"

"ஆமா வாத்து."

சொல்லி முடித்ததும் அவளுக்கு உயிர் போனது போல ஆகிவிட்டது. கையால் வாயைப் பொத்தினாள். "மன்னிச்சுக்குங்க. தலைவரேன்னு கூப்பிடணும்னு அந்தப் பொண்ணு சொல்லிக் குடுத்துச்சு. வாய் தவறிப் போச்சு. பதினஞ்சு நாளா அடக்கி வெச்சிருக்கேன்."

லார்ட் கோம்பர்டன் கண்ணாடியைக் கழற்றினார். நிதானமாகத் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். "நீங்க இப்ப என்னை என்னன்னு கூப்பிட்டீங்க?"

"எங்க ஊர்ல எல்லாரையும் அப்படித்தான். மரியாதைக் குறைவு இல்லீங்க. எங்க டாக்டரைக்கூட அப்படித்தான் கூப்பிடுவேன்."

"அப்ப இந்த முந்நூறும்..."

"லாரிக்காரங்க, நர்ஸுங்க, கட்டட வேலைக்குப் போறவங்க. சனிக்கிழமை வந்தா நீங்களும் ஒரு வாத்துதான். சீஸ் போடட்டுமா, பேக்கனா?"

முதலில் சிரித்தது யார் என்பதில் பிறகு கருத்து வேறுபாடு இருந்தது. ஹெஸ்டர் என்றாள் பெரில். இல்லை, அமைச்சருக்கு இடப்பக்கம் இருந்த அதிகாரி என்றான் நெவில். பிரபு அம்மாள் மட்டும் சிரிக்காமல் அமைச்சர் பக்கம் திரும்பினார்.

"எங்க லீட்ஸ்ல யாரைப் பார்த்தாலும் 'அன்பே'ன்னு கூப்பிடுவோம். அடுத்து அதுலயும் கை வெக்கறதா உத்தேசமா, அமைச்சரே?"

கிரெஸ்வெல் சிவந்துபோயிருந்தார். ஆதாரத்தை மறுபடி சரிபார்ப்பதாகச் சொன்னார். தலைவர் விடவில்லை. இதைத் தவிர வேறு ஆதாரம் உண்டா என்று கேட்டார். லிங்கன் நகரில் ஒரு டீக்கடையில் நான்கு வாத்துகள் என்று இருந்தது. அவையும் ஆட்கள் இல்லை என்று நிச்சயமாகத் தெரியுமா என்று தலைவர் கேட்டதற்கு, அமைச்சர் கோப்பை மூடிவிட்டு, அடுத்த திங்கட்கிழமை முதல் விதியைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

நெவில் கைதட்டினான். காவலர் ஒருவர் அவனைப் பார்த்தார். பழக்கதோஷத்தில் அவன் இரண்டு கையையும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முழங்கால்மேல் வைத்துக்கொண்டான்.

பெரில் மட்டும் எழுந்திருக்கவில்லை. "அப்ப என் கேஸ்?" என்று கேட்டாள்.

கிளம்ப எழுந்தவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். தலைவர் முகம் மறுபடி நீண்டது. விதியைத் திரும்பப் பெற்றாலும், அது உயிரோடு இருந்த நாட்களில் நடந்தது நடந்ததுதான் என்றும், அதைத் தொடுகிற அதிகாரம் இந்தக் குழுவுக்கு இல்லை என்றும் அவர் சொன்னார். சொல்வதில் அவருக்கே விருப்பமில்லை என்பது தெரிந்தது. பிறகு அவர் அமைச்சரைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை, வெறுமனே பார்த்துக்கொண்டே இருந்தார். ஒட்டக முகத்தின் பயன் அப்போது விளங்கியது. அமைச்சர் ஓர் அதிகாரியின் காதில் ஏதோ சொல்ல, அந்த ஆள் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான்.

பெரில் கொண்டுவந்த ஓட்கேக்கைக் குழுவின் மேசையில் வைத்துவிட்டுப் போக அனுமதி கேட்டாள். பரிசாக வாங்கினால் பதிவு செய்ய வேண்டும் என்றார் யாரோ. சாப்பிட்டுவிட்டால் வேண்டியதில்லை என்றார் பிரபு அம்மாள்.

வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. ரயிலுக்கு நேரம் இருந்ததால் இருவரும் பூங்கா ஏரிக்கரையில் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வழிக்கென்று தனியே எடுத்துவைத்த இரண்டு ஓட்கேக் பையில் இருந்தன. நெவில் தன்னுடையதைப் பிரித்துக்கொண்டிருந்தபோது மாக்சீன் அழைத்தாள்.

"கேஸை வாபஸ் வாங்கிட்டாங்க வாத்து. காரணம் என்ன எழுதியிருக்காங்கன்னு கேளு. 'மேற்படி வாத்துகள் வாத்துகள் அல்ல.'"

பெரில் தொலைபேசியைப் பைக்குள் வைத்தாள். கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினாள். ஊருக்குப் போனதும் முதலில் அந்த மாலுமியைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். நெவில் பெருமூச்சு விட்டான். "இந்தத் தடவையும் அமையலியா அண்ணி. விடுங்க, வயசாகிப் போகல" என்றான்.

அப்போது தண்ணீரிலிருந்து ஒன்று கரையேறியது. பச்சைத் தலையும் மஞ்சள் மூக்குமாக, ஆடி ஆடி வந்து, பெரிலின் காலடியில் நின்று, அவள் கையிலிருந்த ஓட்கேக்கை ஒரு கண்ணால் பார்த்தது. பெரிலும் அதைப் பார்த்தாள். சின்ன வயதில் கொத்துப்பட்ட இடம் லேசாகக் குறுகுறுத்தது. இருந்தாலும் அது பசியோடு நின்றது. பசியோடு நிற்கும் எதையும் அவள் திருப்பி அனுப்பியதில்லை.

ஓட்கேக்கைத் துணியில் சுற்றி, பைக்குள் வைத்து, பையை மூடினாள்.

"திங்கக்கெழமைக்கு அப்புறம் வா வாத்து" என்றாள் அதனிடம்.

நெவில் தன்னுடையதில் பாதியைப் பிய்த்துப் போட்டான். அது பேக்கனை முதலில் தின்றது.

"நெவில்."

"நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு பேரு இருக்கில்ல அண்ணி. யாராவது ஒருத்தர் காப்பாத்தணுமே."

சத்தம் கேட்டு ஏரியின் நாலா பக்கமிருந்தும் மற்றவை நீந்தி வரத் தொடங்கின. தூரத்தில் பூங்காக் காவலர் ஒருவர் இந்தப் பக்கம் திரும்பினார். பெரில் எழுந்து, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, அடுத்த பெஞ்சைத் தாண்டி அதற்கும் அடுத்த பெஞ்சில், நெவிலை முன்னே பின்னே பார்த்ததே இல்லை என்கிற முகத்தோடு போய் உட்கார்ந்தாள்.